படைத்தளங்களின் செலவை யார் கொடுக்கிறார்கள்? பிரிட்டனின் கடனும் அமெரிக்காவின் கடனும்

கேட்கப்பட்ட கேள்வி இது: "கடனில் மூழ்கியதால்தான் பிரிட்டன் உலகெங்கும் இருந்த படைத்தளங்களை மூடிவிட்டு ஒதுங்கியது என்கிறார்கள். அதைவிடப் பல மடங்கு கடன் வைத்திருக்கும் அமெரிக்கா மட்டும் எப்படி இத்தனை நாடுகளில் தளங்களை நடத்துகிறது? அதற்கும் அதே முடிவு வருமா?"

கடனின் அளவை மட்டும் பார்த்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. கடனை எந்த நாணயத்தில் திருப்பித் தர வேண்டும், கடன் கொடுத்தவர் நெருக்கடியான நேரத்தில் கையை இழுத்துக்கொள்ள முடியுமா என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். உள்நாட்டில் இருக்கும் ஒரு படைமுகாமின் சம்பளமும் சாப்பாட்டுச் செலவும் உள்ளூர்க் கடைத்தெருவிலேயே சுழல்கின்றன. அதே முகாம் வெளிநாட்டில் இருந்தால் நில வாடகை, உள்ளூர்த் தொழிலாளரின் கூலி, தண்ணீர், மின்சாரம், காய்கறி என எல்லாவற்றுக்கும் அந்நியச் செலாவணி வேண்டும். ஏற்றுமதியில் சம்பாதிக்க வேண்டும், இல்லையேல் கடன் வாங்க வேண்டும், அதுவும் இல்லையேல் தன் நாணயத்தையே பிறர் வாங்கிச் சேர்த்து வைத்துக்கொள்ளும்படி செய்ய வேண்டும். பிரிட்டன் இந்த மூன்று வழிகளையும் வரிசையாக இழந்தது. அமெரிக்காவிடம் மூன்றாவது வழி இன்னும் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரிட்டனுக்கு இரண்டு வகையான வெளிக்கடன்கள் இருந்தன. அவற்றில் ஒன்றைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள், மற்றொன்றைப் பற்றி அநேகமாகப் பேசுவதே இல்லை. பேசப்படாத அந்தக் கடனைக் கொடுத்தவர்கள் நம்மவர்கள் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1939 நவம்பரில் பிரிட்டிஷ் அரசும் இந்திய அரசும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. இந்தியாவின் தற்காப்புக்கு ஆகும் வழக்கமான செலவை இந்தியா ஏற்கும், இந்திய எல்லைக்கு வெளியே போரிடும் படைகளுக்கான செலவின் பெரும்பகுதியைப் பிரிட்டன் ஏற்கும் என்பது அதன் சாரம். ஆனால் பிரிட்டன் அப்போதைக்குப் பணமாகவோ பொருளாகவோ எதையும் தரவில்லை. லண்டனில் இந்திய ரிசர்வ் வங்கியின் பெயரில் ஸ்டெர்லிங்கில், அதாவது பவுண்டில், வரவு எழுதப்பட்டது. அந்த வரவை ஈடாகக் காட்டி ரிசர்வ் வங்கி இங்கே ரூபாய் நோட்டுகளை அச்சிட்டது. அந்த நோட்டுகளைக் கொண்டு அரசு சந்தையில் அரிசியையும் துணியையும் சணலையும் எஃகையும் வாங்கிப் போர்முனைக்கு அனுப்பியது. போர் முடிவதற்குள் புழக்கத்தில் இருந்த நோட்டுகளின் மதிப்பு ஆறு மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது. பொருள் வெளியே போய்க்கொண்டிருக்க, காகிதம் உள்ளே பெருகிக்கொண்டிருந்தது. விலைவாசி எப்படி ஏறியிருக்கும் என்று சொல்லவே வேண்டாம். 1943இல் வங்காளத்தில் பஞ்சம் வந்தது. சுமார் 30 லட்சம் பேர் செத்தார்கள். பஞ்சத்துக்குப் பர்மா அரிசி நின்றுபோனது, புயல், படகுகளைப் பறிமுதல் செய்த ராணுவக் கொள்கை, மாகாண அரசுகளின் தானியத் தடைகள் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கூலிக்காரரின் கையில் இருந்த காசு அரிசி விலைக்கு எட்டாமல் போனதில் இந்தப் போர்க்கால நோட்டு அச்சடிப்புக்குப் பெரும் பங்கு இருந்தது. இந்தியா பிரிட்டனுக்குக் கொடுத்த கடன் யாரையும் கேட்டு வாங்கியதல்ல. ஏழைகளின் தட்டிலிருந்து, அவர்களுக்கே தெரியாமல் எடுக்கப்பட்டது.

போர் முடியும்போது பிரிட்டன் இப்படிப் பல நாடுகளுக்கும் தர வேண்டியிருந்த தொகை சுமார் 350 கோடி பவுண்டு. அதில் இந்தியாவின் பங்கு மட்டும் ஏறத்தாழ 130 கோடி பவுண்டு. எகிப்துக்கும் பெரிய தொகை சேர வேண்டியிருந்தது. போருக்கு முன்பு பிரிட்டனிடம் கடன்பட்டிருந்த இந்தியா ஆறே ஆண்டுகளில் பிரிட்டனுக்குக் கடன் கொடுத்த மிகப் பெரிய நாடுகளுள் ஒன்றாக மாறியது. ஆனாலும் அந்தப் பணத்தை நினைத்தபடி எடுக்க முடியவில்லை, ஏனென்றால் கணக்கு லண்டனில் இருந்தது, பூட்டும் சாவியும் அவர்களிடம் இருந்தன. 1948 ஜூலையில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் விட்டுச்சென்ற தளவாடங்களுக்காக 10 கோடி பவுண்டு அந்த வரவிலிருந்தே கழிக்கப்பட்டது. இந்தியாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அதிகாரிகளின் ஓய்வூதியத்துக்கென்று மேலும் சுமார் 16.8 கோடி பவுண்டு கழிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் பவுண்டின் மதிப்பை 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராகக் குறைத்தபோது, மீதமிருந்த வரவின் டாலர் மதிப்பில் சுமார் 30 சதவீதம் ஒரே இரவில் காணாமல் போனது. சொந்த நாணயத்தில் கடன்பட்டவருக்கு இந்த வசதி உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அமெரிக்காவைப் பற்றிப் பேசும்போது மறுபடியும் இதற்கு வருவோம்.

மற்றொரு கடன் டாலரில் வாங்கியது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த சில நாட்களிலேயே அமெரிக்கா தன் போர்க்கால உதவித் திட்டத்தை நிறுத்தியது. பிரிட்டனின் பொருளியல் அறிஞர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் வாஷிங்டனுக்குப் போய் மூன்று மாதங்கள் பேசினார். நன்கொடையையோ வட்டியில்லாக் கடனையோ எதிர்பார்த்துப் போனவருக்குக் கிடைத்தது 2 சதவீத வட்டியில் 375 கோடி டாலர் கடன். பழைய உதவியின் பாக்கிக்காக மேலும் 65 கோடி டாலர் அதில் சேர்ந்தது. ஐம்பது ஆண்டுத் தவணை. அதோடு ஒரு நிபந்தனையும் இருந்தது: 1947 ஜூலை 15 முதல் நடப்பு வணிகத்தில் பவுண்டு ஈட்டியவர் யாராக இருந்தாலும் கேட்டவுடன் அதை டாலராக மாற்றித் தர வேண்டும். கதவைத் திறந்ததும் எல்லோரும் டாலர் கேட்டு வரிசையில் நின்றார்கள். ஐந்து வாரத்தில், ஆகஸ்ட் 20 அன்று, கதவை மறுபடியும் மூட வேண்டியதாயிற்று. இடையில் ஆறு தவணைகள் தள்ளிப் போடப்பட்டதால், அந்தக் கடனின் கடைசித் தவணை 2006 டிசம்பர் 29 அன்றுதான் கட்டப்பட்டது.

பேரரசு கலைந்த வேகத்தை 1947 பிப்ரவரி என்ற ஒரே மாதத்தில் பார்க்கலாம். கிரீஸுக்கும் துருக்கிக்கும் இனி உதவ முடியாது, மார்ச் 31உடன் நிறுத்துகிறோம் என்று பிரிட்டன் வாஷிங்டனுக்கு எழுதியது. அதே மாதம் 20ஆம் தேதி, 1948 ஜூனுக்குள் இந்தியாவை விட்டு வெளியேறுவோம் என்று பிரதமர் அட்லி அறிவித்தார். மார்ச் 12 அன்று அதிபர் ட்ரூமன் அமெரிக்க நாடாளுமன்றத்தில் எழுந்து, கிரீஸ், துருக்கியின் பொறுப்பைத் தாங்கள் ஏற்பதாகச் சொன்னார். கிழக்கு மத்தியதரைக் கடலின் காவல் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு இப்படி மாறியது.

கடன் கொடுத்தவர் கையை இழுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு 1956ஐ விடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. சூயஸ் கால்வாயின் முன்கதையே கடன்தான். கடனில் தவித்த எகிப்தின் மன்னர் இஸ்மாயிலிடமிருந்து கால்வாய் நிறுவனத்தின் 44 சதவீதப் பங்குகளை 1875இல் சுமார் 40 லட்சம் பவுண்டுக்குப் பிரிட்டன் வாங்கியது. மறு ஆண்டே கடன் கொடுத்த ஐரோப்பியர்கள் எகிப்தின் வருவாயை மேற்பார்வையிடத் தனி ஆணையம் அமைத்தார்கள். 1882இல் பிரிட்டிஷ் படை உள்ளே வந்தது. கடனைக் காட்டி வந்த அந்தப் படை கால்வாய்க் கரையை விட்டு வெளியேற 1956 ஜூன் வரை ஆயிற்று. ஜூலை 26 அன்று எகிப்து அதிபர் நாசர் கால்வாயை நாட்டுடைமையாக்கினார்.

அக்டோபர் 29 அன்று இஸ்ரேல் எகிப்தைத் தாக்கியது. இரண்டு நாளில் பிரிட்டனும் பிரான்ஸும் குண்டு வீசத் தொடங்கின. நவம்பர் 5, 6 தேதிகளில் போர்ட் சைதில் படைகள் இறங்கின. களத்தில் அவர்களுக்குப் பின்னடைவு எதுவும் இல்லை. பின்னடைவு லண்டனில், நிதி அமைச்சகத்தின் கையிருப்புக் கணக்கில் இருந்தது. பவுண்டை 2.80 டாலரில் நிறுத்தி வைக்க டாலரை விற்றுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. செப்டம்பரில் 5.7 கோடி டாலர் போனது, அக்டோபரில் 8.4 கோடி, நவம்பரில் 27.9 கோடி. எகிப்து கப்பல்களை மூழ்கடித்துக் கால்வாயை அடைத்துவிட்டது. சிரியா வழியாக வந்த எண்ணெய்க் குழாயும் தகர்க்கப்பட்டது. இனி எண்ணெயை அமெரிக்கக் கண்டத்திலிருந்து டாலர் கொடுத்து வாங்க வேண்டும். பன்னாட்டு நாணய நிதியத்தில் தனக்குள்ள பங்கை எடுக்கலாம் என்று பிரிட்டன் பார்த்தபோது, அமெரிக்க நிதித்துறைச் செயலர் ஜார்ஜ் ஹம்ஃப்ரி குறுக்கே நின்றார். போரை நிறுத்தி வெளியேறினால் பணம் வரும், இல்லையேல் வராது. பிரான்ஸ் இதை எதிர்பார்த்ததுபோல் அக்டோபரிலேயே நிதியத்திடம் ஒரு கடன் ஏற்பாட்டைச் செய்துவைத்திருந்தது. பிரிட்டன் அந்த முன்யோசனை இல்லாமல் இறங்கிவிட்டது.

படையெடுப்பை முதலில் ஆர்வத்தோடு ஆதரித்த நிதி அமைச்சர் ஹெரால்ட் மேக்மில்லனே நவம்பர் 6 அன்று அமைச்சரவையில் நிறுத்திவிடலாம் என்றார். கையிருப்பு இழப்பை அன்று அவர் உள்ளதைவிடக் கூட்டிச் சொன்னார் என்பது பின்னர் தெரியவந்தது. ஆயினும் போக்கைப் பற்றிய அவருடைய கணிப்பு சரியானதுதான். அன்று நள்ளிரவு போர் நின்றது. டிசம்பர் 3 அன்று வெளியேறுவதாக அறிவிப்பு வந்தது. ஒரே வாரத்தில், டிசம்பர் 10 அன்று, நிதியம் 56.1 கோடி டாலரை உடனடியாகவும் 73.9 கோடி டாலரைத் தேவைப்படும்போதும் தர ஒப்புக்கொண்டது. ஜனவரி 9 அன்று பிரிட்டிஷ் பிரதமர் ஈடன் பதவி விலகினார். நேச நாடு ஒன்று தன் நேச நாட்டின் மீது ஒரு குண்டும் வீசாமல் அதன் போரை நிறுத்தியது.

இந்த அதிர்ச்சிக்கு அடுத்த ஆண்டு, பண்டாரநாயக்க அரசின் கோரிக்கைப்படி திருகோணமலைக் கடற்படைத் தளத்தையும் கட்டுநாயக்க விமானத் தளத்தையும் பிரிட்டன் இலங்கையிடம் ஒப்படைத்தது. 1942இல் சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்த பின்பு இந்தியப் பெருங்கடலில் பிரிட்டனுக்குக் கைகொடுத்த துறைமுகங்களுள் ஒன்று திருகோணமலை. அதை விட்டபோதும் சிங்கப்பூர், இன்றைய யேமனில் உள்ள ஏடன், பாரசீக வளைகுடா ஆகிய இடங்களின் தளங்களைப் பிரிட்டன் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அப்படிப் பிடித்துக்கொண்டிருக்க அமெரிக்காவும் விரும்பியது, ஏனென்றால் வியட்நாமில் சிக்கியிருந்த அதிபர் லிண்டன் ஜான்சனுக்கு ஆசியாவில் தனியாக நிற்க மனமில்லை. 1965இல் தடுமாறிய பவுண்டுக்கு அமெரிக்கா முட்டுக்கொடுத்ததற்குப் பின்னால், பிரிட்டன் நாணய மதிப்பைக் குறைக்கக் கூடாது, சூயஸுக்குக் கிழக்கே உள்ள தளங்களைக் கைவிடவும் கூடாது என்ற புரிந்துணர்வு இருந்தது.

1967 நவம்பர் 18 அன்று பவுண்டு 2.40 டாலராகக் குறைக்கப்பட்டது. அதே மாத இறுதியில் ஏடனிலிருந்து படை கிளம்பியது. 1968 ஜனவரி 16 அன்று, சிங்கப்பூர், மலேசியா, பாரசீக வளைகுடா எல்லாவற்றிலிருந்தும் 1971 இறுதிக்குள் விலகுவோம் என்று பிரதமர் ஹெரால்ட் வில்சன் அறிவித்தார். படைகளின் செலவைத் தாமே ஏற்பதாக அபுதாபியின் ஷேக் ஸாயித் முன்வந்தும் லண்டன் கேட்கவில்லை. சிங்கப்பூருக்கு இது பேரிடியாக விழுந்தது. அந்த நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பிரிட்டிஷ் தளங்களை நம்பியிருந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் தலைமுறையாக வேலை பார்த்தவர்களில் தமிழர்களும் மலையாளிகளும் ஏராளம். தளம் கொடுத்த குடியிருப்பில் வாழ்ந்து, அங்கேயே கோயில் கட்டிக் கும்பிட்ட குடும்பங்கள் அவை. லண்டனில் பவுண்டுக்கு வந்த காய்ச்சலுக்கு அவர்களுடைய வேலை பலியானது. அந்தக் கப்பல் பட்டறையைச் சிங்கப்பூர் அரசு எடுத்து வணிகக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் நிறுவனமாக மாற்றியதால் பலர் தப்பித்தார்கள்.

ஆக, கேள்வியின் முதல் பாதிக்கு விடை இது: பிரிட்டன் தளங்களை இழந்தது கடன் அதிகமாக இருந்ததால் மட்டும் அல்ல. செலவு அந்நிய நாணயத்தில் இருந்தது, கையிருப்பு மெலிந்திருந்தது, பவுண்டை வைத்திருந்தவர்கள் அதை விற்கக் காத்திருந்தார்கள், அவர்களைத் தடுக்கக்கூடிய டாலர் வேறொருவரின் பெட்டியில் இருந்தது.

அமெரிக்காவுக்கும் இதே சிக்கல் ஒருமுறை வந்தது. 1960களில் மேற்கு ஜெர்மனியில் நிறுத்தப்பட்டிருந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களின் செலவால் டாலர் ஜெர்மானிய மத்திய வங்கியில் போய்க் குவிந்தது. அந்த டாலருக்கு ஓர் அவுன்ஸ் 35 டாலர் வீதம் தங்கம் கேட்கும் உரிமை அந்த வங்கிக்கு இருந்தது. அதைச் சமாளிக்க, படைகளுக்கு ஆகும் செலவுக்கு ஈடாக ஜெர்மனி அமெரிக்க ஆயுதங்களை வாங்க வேண்டும் என்று 1961 முதல் ஒப்பந்தங்கள் போடப்பட்டன. அதுவும் போதாதபோது, 1967 மார்ச்சில் ஜெர்மானிய மத்திய வங்கியின் தலைவர் கார்ல் பிளெஸ்ஸிங் ஒரு கடிதம் எழுதினார். தங்கள் வங்கி டாலரைத் தங்கமாக மாற்றக் கேட்காது என்ற உறுதிமொழி அதில் இருந்தது. ஜெர்மனியின் பாதுகாப்பு அமெரிக்கப் படையின் கையில், அமெரிக்கத் தங்கத்தின் பாதுகாப்பு ஜெர்மனியின் கையில். இன்றைய ஏற்பாட்டின் கரு அந்தக் கடிதத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. 1971 ஆகஸ்ட் 15 அன்று அதிபர் நிக்சன் தங்கக் கதவையே மூடியபோது, எதிர்பார்த்தபடி டாலர் ஒதுக்கப்படவில்லை. எண்ணெய் விற்ற நாடுகளும், பிறகு ஜப்பானும் சீனாவும், மிச்சம் பிடித்த டாலரை அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களிலேயே போட்டன, அவ்வளவு பெரிய தொகையை வைக்க வேறு இடம் இல்லாததால்.

இன்று அமெரிக்க அரசின் கடன் 38 லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அதில் வெளிநாட்டவர் கையில் இருப்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. அத்தனையும் டாலரில், அதாவது 1949இல் பிரிட்டன் நமக்குத் தர வேண்டியிருந்த பவுண்டைப் போன்றது. முதலிடத்தில் இருக்கும் ஜப்பானிடம் ஒரு லட்சம் கோடி டாலருக்கு மேல் பத்திரங்கள் உள்ளன. அமெரிக்கப் படைகள் பெருமளவில் தங்கியிருப்பதும் ஜப்பானில்தான். அங்கே தளத் தொழிலாளருக்கு ஆகும் செலவில் ஒரு பகுதிக்கு 1978 முதலும், மின்சாரம், தண்ணீர்ச் செலவில் ஒரு பகுதிக்கு 1991 முதலும் ஜப்பானிய அரசே பணம் தருகிறது. 2022 முதல் ஐந்தாண்டுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 21,100 கோடி யென் என்று ஒப்பந்தம். தென்கொரியாவிலும் 1991 முதல் இதே வழக்கம். ஆகவே, எந்தச் செலவு பிரிட்டனின் கழுத்தை நெரித்ததோ அதில் ஒரு பங்கை அமெரிக்காவுக்காகப் பிறர் சுமக்கிறார்கள். ஜப்பானில் அமெரிக்கத் தளங்கள் நிறைந்த ஒகினாவா தீவின் மக்கள் தங்கள் நிலத்தையும் அமைதியையும் கொடுத்து அதில் இன்னொரு பங்கைச் சுமக்கிறார்கள்.

இந்த ஏற்பாடு என்றென்றைக்கும் நிலைக்கும் என்று நான் சொல்லவில்லை. 2024 நிதியாண்டில் அமெரிக்க அரசு கட்டிய வட்டி அதன் ராணுவச் செலவைத் தாண்டியது. 2013இல் 1.3 லட்சம் கோடி டாலர் வரை போன சீனாவின் பத்திர இருப்பு இன்று 80,000 கோடிக்குக் கீழே வந்துவிட்டது. உலகின் மத்திய வங்கிகள் வைத்திருக்கும் கையிருப்பில் டாலரின் பங்கு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 70 சதவீதத்தைத் தாண்டியிருந்தது, இப்போது 57 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. 2022இல் ரஷ்யாவின் சுமார் 30,000 கோடி டாலர் மதிப்புள்ள கையிருப்பு முடக்கப்பட்டது. உக்ரைன் மீது ரஷ்யா செய்த அநியாயத்தைச் சிறிதும் குறைத்துச் சொல்லாமலேயே, பிற நாடுகள் அதிலிருந்து என்ன புரிந்துகொண்டிருக்கும் என்று நாம் யோசிக்கலாம். தங்கத்தை அவை வாங்கிக் குவிப்பது தற்செயல் அல்ல. 2025 ஏப்ரலில் புதிய இறக்குமதி வரிகளை அமெரிக்கா அறிவித்தபோது, வழக்கத்துக்கு மாறாக டாலரும் சரிந்தது, கடன் பத்திரங்களின் விலையும் சரிந்தது. ஒரே வாரத்தில் வரிகளில் பெரும்பாலானவை தள்ளிவைக்கப்பட்டன. 1956இல் வாஷிங்டன் லண்டனுக்குச் செய்ததை வாஷிங்டனுக்குச் செய்ய இன்று ஒரு தனி அரசு இல்லை. ஆனால் சந்தை அந்த வேலையில் ஒரு சிறு பகுதியைச் செய்ய முடியும் என்பது அப்போது தெரிந்தது.

சீனாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைக் கடனுக்கு ஈடாகச் சீனா பறித்துக்கொண்டது என்று பலரும் சொல்கிறார்கள், நடந்தது அதுவல்ல. 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்காகச் சீன நிறுவனம் கொடுத்த 112 கோடி டாலர் இலங்கையின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் சேர்ந்தது. துறைமுகத்துக்காக வாங்கிய சீனக் கடன் அப்படியே நின்றது. 2022 ஏப்ரலில் இலங்கை கடனைக் கட்ட முடியாமல் நின்றபோது அதன் வெளிக்கடனில் பெரிய பங்கு பன்னாட்டுச் சந்தையில் விற்ற பத்திரங்கள். சீனா வெளிப்படையாக அமைத்திருக்கும் தளம் கிழக்கு ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் இருக்கிறது, 2017இல் திறக்கப்பட்டது. அதே சிறிய நாட்டில் அமெரிக்கத் தளமும் பிரெஞ்சுத் தளமும் ஜப்பானியத் தளமும் வாடகைக்கு இருக்கின்றன.

தளம் கைமாறும்போது அந்த மண்ணில் வாழ்பவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதற்கு இந்தியப் பெருங்கடலில் உள்ள டியாகோ கார்சியா தீவைப் பாருங்கள். சூயஸுக்குக் கிழக்கே இருந்து விலகத் தயாராகிக்கொண்டிருந்த பிரிட்டன், 1965இல் மொரீஷியஸுக்கு 30 லட்சம் பவுண்டு கொடுத்து, டியாகோ கார்சியா அடங்கிய சாகோஸ் தீவுகளைப் பிரித்து வைத்துக்கொண்டது. 1966 டிசம்பரில் டியாகோ கார்சியாவை அமெரிக்காவின் பயன்பாட்டுக்கு விட்டது. பதிலுக்கு, போலாரிஸ் ஏவுகணைகளின் ஆராய்ச்சிச் செலவில் பிரிட்டன் தர வேண்டிய 1.4 கோடி டாலரை அமெரிக்கா தள்ளுபடி செய்தது. இரு நாட்டு நாடாளுமன்றங்களுக்கும் அது சொல்லப்படவில்லை. 1968 முதல் 1973 வரை தீவுமக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் வளர்த்த நாய்களைத் தேங்காய் உலர்த்தும் கொட்டகையில் அடைத்து, வண்டிப் புகையை உள்ளே விட்டுக் கொன்றார்கள். மக்களைக் கொப்பரைச் சரக்கோடு கப்பலில் ஏற்றி மொரீஷியஸிலும் சீஷெல்ஸிலும் இறக்கினார்கள்.

2019இல் பன்னாட்டு நீதிமன்றம், தீவுகளைப் பிரித்தது சட்டப்படி செல்லாது என்று கருத்துரைத்தது. 2025 மே 22 அன்று பிரிட்டனும் மொரீஷியஸும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதன்படி தீவுகளின் இறையாண்மை மொரீஷியஸுக்குப் போகும். தளம் 99 ஆண்டுக் குத்தகையில் தொடரும். சராசரியாக ஆண்டுக்கு 10.1 கோடி பவுண்டு வாடகையைப் பிரிட்டன் தரும். தளத்தில் அமெரிக்க விமானங்கள் நிற்கும். சாகோஸ் மக்கள் மற்ற தீவுகளில் குடியேற மொரீஷியஸ் அனுமதிக்கலாம் என்று அந்த உடன்படிக்கை சொல்கிறது. அவர்களில் பலருக்குச் சொந்த மண்ணான டியாகோ கார்சியாவுக்கு அந்த அனுமதி பொருந்தாது.